உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டாமா?

உட்காரும்போது "அப்பாடா!" என்கிறோம். எழுந்திருக்கும்போது "அம்மாடி!" என்கிறோம். இந்த இரண்டு சத்தங்களும் நம் வீட்டில் எப்போது கேட்க ஆரம்பித்தன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே! அநேகமாக நாற்பதைத் தாண்டிய பிறகுதான் இருக்கும். ஐம்பதில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறோம். அறுபதில் கை கொடுக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறோம். "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று தீர்ப்பையும் நாமே எழுதிக்கொண்டுவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்ப்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

சமீபத்தில் போடிநாயக்கனூருக்குப் போயிருந்தேன். மலையடிவாரத்து ஊர். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கிற ஏலக்காய்க்குப் பேர்போன சந்தை. ஏலம் விடுவதெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. ஆனால் காயைச் செடியிலிருந்து எடுப்பதற்கு இன்றும் பெண்களின் விரல்கள்தான் வேண்டியிருக்கின்றன. பொழுது விடியும் வேளையில் கடைத்தெருவில் நின்று பாருங்கள். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து மேலே தோட்டங்களுக்குப் போகிறார்கள்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிறது. அதற்காகக் காயும் மாங்காய் மாதிரி தலைக்கு மேலே தொங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தூரின் அடியிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி, தரையோடு தரையாகக் கிடக்கும் தண்டுகளில்தான் காய் பிடிக்கிறது. எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதும் இல்லை. மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை அதே செடியிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஆகவே மலைச்சரிவில், ஈர மண்ணில், நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோ இருப்பதுதான் அவர்கள் வேலை.

காய்ந்து கீழே இறங்கி வந்த காயைத் தரம் பிரிக்கும் கிட்டங்கி ஒன்றில் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். அறுபதை நெருங்கும் வயது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, எதிரே குவியலை வைத்துக்கொண்டு, வெடித்தது, கறுத்தது, பூச்சி அரித்தது என்று விரல் ஓயாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது பக்கத்து மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"வலி ரொம்பவா அம்மா?" என்றேன்.

"முன்னே மலைக்குப் போய்க்கிட்டிருந்தேன் தாயி. இறங்கறப்போ முட்டி வலி தாங்கலேன்னுதான் இந்த வேலைக்கு வந்தேன். இங்கே உக்காந்து உக்காந்து முட்டி பூட்டுப் போட்டாப்பல ஆயிருச்சு. டாக்டரு கீழே உக்காராதேங்கிறார். கீழே உக்காராட்டி கூலி யாரு தருவா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னதில் முழங்காலின் கதை முழுவதும் இருக்கிறது. மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குச் சிரமம். சமதரையில் நடக்கும்போதே, அடி வைக்கும் முழங்காலின் மேல் நம் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. படி இறங்கும்போது அது மூன்றரை மடங்குக்குப் போய்விடுகிறது. இந்தப் பாரத்தை எலும்பு மட்டும் தாங்குவதில்லை. தொடையின் முன்பக்கத்துத் தசைதான் வண்டிக்கு வில் மாதிரி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. அந்தத் தசை மெலிந்தால் அடி முழுவதும் மூட்டுக்குத்தான்.

சரி, மலை இறங்கியவருக்கு வலி. உட்கார்ந்தே இருந்தவருக்கும் வலி. அப்படியானால் என்னதான் செய்வது?

"எனக்கு எதற்குத் தேகாப்பியாசம்? காலை 5 மணி முதல் வீட்டு வேலை செய்கிறேனே, போதாதா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வேலை வேறு, பயிற்சி வேறு. வேலை, தன் சௌகரியத்துக்கு நம் உடம்பை வளைத்துக்கொள்கிறது. ஒரே நிலையில் மணிக்கணக்கில் நிறுத்தி, உழைத்த தசையையே களைக்க வைக்கிறது. பயிற்சி, உடம்பின் சௌகரியத்துக்காக நாம் செய்வது. தூங்கிக் கிடக்கிற தசையை எழுப்பி, 10 தடவை வேலை வாங்கி, ஓய்வு கொடுத்து, பலமாக்குவது. காய் எடுக்கும் பெண்ணுக்கும் இது வேண்டும். மிக்ஸிக்கு முன்னால் நிற்கும் நமக்கும் வேண்டும்.

அடுத்த தவறு, வலி வந்ததும் கட்டிலைத் தேடுவது. பின்லாந்து தேசத்தின் ஹெல்சிங்கி நகரில், திடீரென்று இடுப்புப் பிடித்துக்கொண்ட 186 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்து, 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை. இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாவது பிரிவிடம், "முடிந்த மட்டும் வழக்கம்போல் நடமாடுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் குணமானவர்கள் அந்த மூன்றாம் பிரிவினர்தான்! ஆகவே இடுப்புப் பிடித்த முதல் நாட்களில் புதிதாகப் பயிற்சி எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். படுத்தும் கிடக்க வேண்டாம். மெல்ல நடமாடினாலே போதும். பலம் சேர்ப்பது அதற்குப் பிறகு.

"இந்த வயதில் பலம் எங்கே சேரப் போகிறது?" என்கிறீர்களா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாக 90 வயதான 10 பேருக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். 1990-ல் வெளிவந்த முடிவைக் கேளுங்கள்: பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியிருந்தது. தொண்ணூறில் முடிந்தது நமக்கு அறுபதில் முடியாதா?

வீட்டில் செய்யக்கூடிய ஐந்து பயிற்சிகளை இனிச் சொல்கிறேன். செலவு ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி, ஒரு துண்டு, சமையல் மேடை, இவ்வளவுதான்.

முதலாவது, படுக்கையை விட்டு எழுமுன். காலை நீட்டி, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வையுங்கள். துண்டைக் கீழே அமுக்குவதுபோல் தொடையை இறுக்குங்கள். ஐந்து எண்ணும் வரை இறுக்கி, விட்டுவிடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானே ஓடும்.

இரண்டாவது, அங்கேயே மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குவது. இதுவும் 10 தடவை. இடுப்பையும் முதுகையும் தாங்கும் தசைகளுக்கு இது நல்லது.

மூன்றாவது, நாற்காலிப் பயிற்சி. ஐந்திலும் முக்கியமானது இதுதான். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, நுனியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். "தொப்"பென்று விழாமல், மெதுவாக உட்காருங்கள். அந்த மெதுவில்தான் பலம் இருக்கிறது. முதலில் ஐந்து தடவை; நாளடைவில் பத்து. கை ஊன்றாமல் முடியாவிட்டால் ஆசனத்தின் மேல் ஒரு கெட்டித் தலையணையைப் போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, அடுப்பில் பால் காயும்போது. மேடையைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று, மெல்ல இறக்குங்கள். பால் பொங்குவதற்குள் பதினைந்து ஆகிவிடும்!

ஐந்தாவது, மேடையைத் தொட்டபடியே ஒற்றைக் காலில் 10 எண்ணும் வரை நிற்பது. பிறகு மறு கால். இது விழாமல் இருப்பதற்கான பயிற்சி. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதுமையில் எவ்வளவு பெரிய ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரத்தரையில் இதைச் செய்ய வேண்டாம்.

இவற்றோடு நடையும் வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்தில் 150 நிமிஷமாவது நடக்க வேண்டும், தசைப் பயிற்சி இரண்டு நாள், தடுமாறாமல் நிற்கும் பயிற்சி மூன்று நாள் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. 150 நிமிஷம் என்று மலைக்காதீர்கள். ஒரு நாளைக்கு 20 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். உடம்பு கனத்தவர்களுக்கு இன்னொரு கணக்கு: ஒரு கிலோ எடை குறைந்தால், வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் பாரம் நான்கு கிலோ குறைகிறது.

பயிற்சியில் கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அது கெடுதல் இல்லை. மறுநாள் வலி ஜாஸ்தியானால், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். கடைக்காரர் கொடுக்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதை மட்டும் நிறுத்துங்கள். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும்.

சில சமயம் பயிற்சியல்ல, டாக்டர்தான் வேண்டும். மூட்டு சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால், வலியோடு ஜுரம் வந்தால், விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டால் தாமதிக்காதீர்கள். இடுப்பு வலியோடு கால் மரத்து, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. இருதய வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே ஆரம்பிக்க வேண்டும்.

உங்கள் பலம் எவ்வளவு என்று தெரிய ஒரு பரீட்சையும் இருக்கிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, அரை நிமிஷத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். 60 முதல் 64 வயதுப் பெண்கள் பன்னிரண்டாவது எழுந்திருக்க வேண்டும். 70-களில் இருப்பவர்கள் பத்தாவது. குறைந்தால் கலங்க வேண்டாம், இன்றே ஆரம்பியுங்கள்.

தனியாகச் செய்யத் தயங்குகிறவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிசியோதெரபி பற்றி விசாரியுங்கள். இயன்முறை மருத்துவம் என்று தமிழில் சொல்கிறார்கள். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. கேட்பதில் கூச்சம் எதற்கு?

அந்தக் கிட்டங்கி அம்மாளுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து பத்தடி நடக்கச் சொன்னேன். உட்காரும்போது நீட்டும் காலை மாற்றி நீட்டச் சொன்னேன். நாற்காலிப் பயிற்சியை ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து செய்து காட்டினேன். பக்கத்திலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர்களும் ஒவ்வொருவராக எழுந்து செய்து பார்த்தார்கள்.

ஆனால் ஒன்றை அவர் செய்ய முடியாது. முதலாளிதான் செய்ய வேண்டும். குவியலைத் தரையிலிருந்து ஒரு மேஜைக்கு ஏற்றி, எதிரே ஒரு பெஞ்சு போட்டால் போதும். டாக்டர் சொன்னபடி கீழே உட்காராமலும் இருக்கலாம், கூலியும் போகாது. ஏலக்காய் விற்கிற விலைக்கு ஒரு மேஜை பெரிய செலவா? கிட்டங்கி வைத்திருப்பவர்கள் வீட்டுச் சகோதரிகள் இதைப் படித்தால், இன்று இரவு சாப்பாட்டு வேளையில் இந்தப் பேச்சை எடுங்கள். பாயசம் பரிமாறும் சமயமாக இருந்தால் இன்னும் விசேஷம்!

"அப்பாடா!" என்று உட்காருங்கள், உழைத்தவர்களுக்கு அது பாத்தியதை. ஆனால் "அம்மாடி!" இல்லாமல் எழுந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தை நாற்காலியில் உட்கார்ந்துதானே படித்தீர்கள்? எங்கே, கையை ஊன்றாமல் ஒரு தரம் எழுந்திருங்கள், பார்க்கலாம்!