கல்லும் தேவதாருவும்

இமாசலப் பிரதேசம் என்றதும் நம் நினைவில் எழுபவை பனிமுகடுகளும் ஆப்பிள் தோட்டங்களும்தாம். சட்லெஜ், பியாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் சரிவுகளில் நிற்கும் பழைய வீடுகளை நாம் பெரும்பாலும் புகைப்படத்தின் பின்னணியாகவே காண்கிறோம். அவை அதனினும் மேலான கவனத்துக்கு உரியவை.

அவ்வீடுகளின் கட்டுமுறைக்குக் 'காத்-குனி' என்று பெயர். காத் என்பது மரம். குனி என்பது மூலை. தேவதாரு உத்திரங்களை ஓர் அடுக்காகவும் கல்லை ஓர் அடுக்காகவும் மாற்றி மாற்றி வைத்துச் சுவர் எழுப்புவர். மூலைகளில் உத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படியும். சாந்து கிடையாது. கீழ்த்தளம் கால்நடைகளுக்கு, அவற்றின் உடற்சூடு மேலேறி வீட்டுக்குக் கதகதப்பு தரும். நடுவே தானியம். மேலே, மரத்தாழ்வாரம் சூழ்ந்த தளத்தில் மனிதர் வாழ்வர். பலகைக்கல் கூரை தன் எடையால் அனைத்தையும் அழுத்திப் பிடிக்கும்.

சாந்தில்லாச் சுவர் நில நடுக்கத்தில் சற்றே அசைந்து கொடுக்கும். 1905 ஏப்ரல் 4-ஆம் நாள் காங்க்ரா நிலநடுக்கம் ஏறத்தாழ 20,000 உயிர்களைக் கொண்டது. அதைத் தாங்கிய நக்கர் கோட்டை இன்றும் நிற்கிறது. பஞ்சாருக்கு அருகிலுள்ள செஹ்னி கோட்டை மேல்தளங்களை இழந்தது, ஆயினும் வீழவில்லை.

இன்றோ அதே சரிவுகளில் கான்கிரீட் தூண்கள் எழுகின்றன. 2023 ஆகஸ்டில் குலு மாவட்டத்து ஆனியில் பலமாடிக் கட்டடங்கள் சில நொடிகளில் சரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மலையே சரியும்போது மரவீடும் தப்பாது என்பது உண்மைதான். ஆனால் மலையின் இயல்பறிந்து கட்டிய ஒரு மரபைக் கைவிட்டு, சமவெளியின் கட்டடத்தை அங்கே நடுவது அறிவுடைமை ஆகாது.

இதற்காக மலைமக்களைக் குறை கூறுவதற்கில்லை. தேவதாரு அரிதாகிவிட்டது, அதை வெட்டக் கட்டுப்பாடுகள் பல. சிமெண்டு மூட்டையோ சாலையோரக் கடையிலேயே கிடைக்கிறது. தீ அச்சமும் மெய்யானதே. 2008-இல் மலாணா கிராமத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது.

எனினும், சராஹன் பீமாகாளி கோயிலைப் போற்றிக் காப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. கோயிலைப் பழுதுபார்க்கும் தச்சனுக்கு ஆண்டு முழுதும் வேலை கொடுப்பவை சாதாரண வீடுகளே. அவை மறைந்தால் அவன் கைத்தொழிலும் மறையும். பிறகு கோயிலை யார் பழுதுபார்ப்பது? வீடு கட்டுவோருக்கு நியாயமான விலையில் மரமும், வெட்டியதற்கு ஈடாகப் புதிய மரக்கன்றுகளும், பொறியியல் கல்லூரிகளில் இக்கட்டுமுறைக்கு ஓர் இடமும் வேண்டும் என்பதே நமது கருத்து.