பத்து வீதம்

எமது பத்திரிகையின் அச்சகத்தில் நெடுங்காலம் எழுத்துக் கோத்த நண்பர் ஒருவருக்கு, அண்மையில் இரைப்பையில் நிணநீர்ப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. 'மால்ட்' எனப்படும் மெதுவாக வளரும் வகை. நோயியல் அறிக்கையின் கடைசி வரி 'கேஐ-67: 10 வீதம்' என்றிருந்தது. விளக்கம் எதுவும் இல்லை. ரொறன்ரோவிலிருக்கும் மகன் அன்று நள்ளிரவில் என்னை அழைத்தார்.

"மாமா, அப்பா தப்புறதுக்குப் பத்து வீதம்தான் சான்ஸோ?"

உண்மை அதற்கு நேர்மாறானது. அந்த எண், நூறு புற்றுக் கலங்களில் ஏறத்தாழப் பத்து மட்டுமே பெருகும் நிலையில் உள்ளன என்கிறது. கேஐ-67 ஒரு புரதம். பிரிந்து பெருகும் கலத்தின் கருவில் இருக்கும். ஓய்ந்திருக்கும் கலத்தில் இராது. அதனை இனங்காணும் பிறபொருளெதிரி 1983இல் ஜேர்மனியின் கீல் நகரில் உருவாக்கப்பட்டது. பெயரின் முற்பகுதி அந்நகரையே குறிக்கிறது. மால்ட் வகையில் இவ்வெண் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். வேகமாகப் பரவும் பெருங்கல வகையில் பொதுவாக 40 வீதத்தைத் தாண்டும். பேர்கிற் வகையில் நூறை நெருங்கும்.

ஆயினும் இவ்வெண்ணைத் தனியே தீர்ப்பாகக் கொள்வதும் தவறு. மால்ட் நோயினுள் அகப்பட்டிருக்கும் சாதாரண நிணநீர் முடிச்சுகளின் மையங்களிலும் கலங்கள் விரைந்து பெருகும். அவற்றையும் சேர்த்து எண்ணினால் சாதுவான நோய் மூர்க்கமானதாகத் தோன்றும். எந்த இடத்தை எண்ணுவது என்பதில் நோயியலாளரிடையே வேறுபாடு உண்டு. பெருங்கலங்கள் திரளாகப் பரந்துள்ளனவா என்பதை நுணுக்குக்காட்டியில் கண்டே முடிவுசெய்ய வேண்டும். அவ்வாறு இருப்பின் அதனைப் பெருங்கல நிணநீர்ப் புற்றுநோய் என்றே அழைக்க வேண்டும். 'உயர்தர மால்ட்' எனல் ஆகாது என 2001ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு கூறியது. தரம் பிரிப்பதில் எண் ஒரு சாட்சி, நீதிபதி அன்று.

தரத்தைப் பிழையாகக் கணித்தால் சிகிச்சையே மாறிவிடும். மால்ட் நோயாளரில் பெரும்பாலானோரின் இரைப்பையில் ஹெலிகோபக்டர் பைலோரி என்னும் பக்டீரியா இருக்கிறது. அதனை நுண்ணுயிர்க்கொல்லிகளால் அழித்தபோது, ஆறு நோயாளரில் ஐவருக்குப் புற்றுநோயின் தடயமே மறைந்ததாக 1993இல் இலண்டன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். நோய் இரைப்பைக்குள் அடங்கியிருக்கையில், ஏறத்தாழ நான்கில் மூவருக்கு இச்சிகிச்சை பலனளிப்பதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அத்தகையவருக்கு அவசரப்பட்டுக் கடும் சிகிச்சை அளிப்பதும், பெருங்கல நோயை மெதுவானதென எண்ணிக் காத்திருப்பதும் ஒருங்கே ஆபத்தானவை.

எண்ணைத் தலைப்பாக்கி விளக்கத்தை ஐந்தாம் பக்கத்தில் புதைக்கும் பழக்கம் பத்திரிகையாளராகிய எமக்கும் உண்டு. வைத்திய அறிக்கைகளும் அவ்வாறே எழுதப்படலாமா? 'பத்து வீதக் கலங்களே பெருகுகின்றன. இது மெதுவாக வளரும் நோய்க்கு இசைவானது' என ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அறிக்கைகள் இன்று வைத்தியரைக் காணுமுன்னரே கைப்பேசியில் கடல் கடந்துவிடுகின்றன. அவற்றைப் படிப்பவர் நோயாளியின் பிள்ளைகள் என்பதை எழுதுவோர் மறக்கலாகாது.

நண்பர் மருந்துகளை முடித்துவிட்டார். அடுத்த உள்நோக்கிப் பரிசோதனைக்குக் காத்திருக்கிறார். மகன் இப்போது பகலில்தான் அழைக்கிறார்.