கணக்கு அவருடையது, கையெழுத்து உன்னுடையது!

"பிடித்த வரியைத் திரும்ப வாங்கித் தருகிறேன், வருவதிலே பங்கு கொடு, போதும்!" வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுத்துக் கூலி பெறுவோர் சிலர், உழைப்பாளியின் காதிலே ஓதும் மந்திரம் இது.

கூலி பெறுவது குற்றமா? இல்லை! தெரியாதவனுக்குத் தெரிந்தவன் துணை நிற்பது தொண்டு. அதற்கு நியாயமான ஊதியம் பெறுவது உரிமை. ஆனால், கட்டாத வாடகையைக் கட்டியதாக எழுதி, வாங்காத கடனுக்கு வட்டி காட்டி, கட்சிக்கு நன்கொடை தந்ததாகவும் புளுகினால் (எந்தக் கட்சி என்று கேட்டால் தொழிலாளி விழிக்கிறார்!) அதற்குப் பெயர் தொண்டா? துரோகம் என்கிறோம் நாம்!

2025 சூலை 14ஆம் நாள், நாடெங்கும் 150க்கும் மேற்பட்ட இடங்களில் வருமான வரித்துறை சோதனையிட்டது. முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைக் கைவிட்டதாகவும் அறிவித்தது. தரகர்கள் செய்த தந்திரம் என்ன? தற்காலிக மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்வது. வேலை முடிந்ததும் அதைக் கைவிடுவது. அரசின் கடிதம் அங்கே போகும். தொழிலாளியின் கண்ணில் படாது!

பிடிபட்டால்? வரி, வட்டி, அதன்மேல் மறைத்த வரியைப்போல் இருமடங்கு அபராதம். பங்கு வாங்கியவர் பறந்துவிடுவார். பாரம் சுமப்பவன் பாட்டாளி! உடந்தையாக இருந்தவருக்கும் சிறை உண்டு என்கிறது சட்டம். ஆனால் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டுமே!

"கோடீசுவரன் ஏய்க்கவில்லையா?" என்று கேட்பர் சிலர். ஏய்க்கிறான்; அவனைக் கூண்டில் ஏற்றச் சொல்லுவோம். அவன் களவு, நம் களவுக்கு நியாயம் ஆகுமா? கறைபட்ட கை, கொள்ளையனைச் சுட்டிக்காட்ட முடியுமா?

பட்டயக் கணக்காளர்களுக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கிடைக்கும் பலனுக்கேற்பப் பங்கு கேட்பது, சில விதிவிலக்குகள் தவிர, அவர்களுக்குத் தொழில் ஒழுக்கக்கேடு. அந்த நெறி, கணக்கெழுதிக் காசு வாங்கும் அனைவருக்கும் வேண்டும் என்கிறோம். கூலியை முன்கூட்டியே சொல்லட்டும். சான்று பார்த்து எழுதட்டும். படி ஒன்றைக் கையிலே கொடுக்கட்டும். பெயரையும் முகவரியையும் மறைக்காமல் இருக்கட்டும்!

தோழர்களே! அன்று கைநாட்டு வாங்கி நிலத்தைப் பறித்தார்கள். இன்று கைப்பேசியில் வரும் எண்ணைக் கேட்கிறார்கள். எழுதியதைப் படித்துக் காட்டாதவரிடம், அந்த எண்ணைச் சொல்லாதீர்!