வித்வானின் வீட்டு வாடகை

இரண்டு ரஸிகர்கள் சந்தித்தால், எந்த ஊர் சங்கீதத்தில் உயர்ந்தது என்ற விவாதம் எழாமல் போவதில்லை. ஒருவர் தம் ஊரில் வந்து பாடிய மகா வித்வான்களின் ஜாபிதாவை ஒப்பிப்பார். மற்றவர் அதைக் காட்டிலும் நீளமான ஜாபிதா ஒன்றை எடுத்து வீசுவார். முடிவில் காப்பி ஆறிப்போகுமே தவிர, விவாதம் தீராது.

தீராததற்குக் காரணம் அளவுகோல் பிசகியிருப்பதுதான். வெளியூரிலிருந்து எத்தனை பெரியவர்கள் வந்து பாடிவிட்டுப் போனார்கள் என்பது ஓர் ஊரின் பணப்பெட்டியைப் பற்றிய சமாசாரம்; அதன் சங்கீதத்தைப் பற்றிய சமாசாரம் ஆகாது. ஆகவே வேறோர் அளவுகோலை நேயர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். அந்த ஊரில் ஒரு வித்வான் வீட்டு வாடகை கொடுத்து, பிள்ளை குட்டிகளைப் படிக்கவைத்து, கௌரவமாகக் குடித்தனம் நடத்த முடியுமா? முடியும் என்றால் அது சங்கீத ஊர். முடியாது என்றால் எத்தனை உற்சவங்கள் நடந்தாலும் அது சங்கீதத்துக்குச் சத்திரமே அன்றி வீடு அல்ல.

சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற மகா பட்டணங்களை இந்தச் சோதனைக்கு அழைப்பதில் பயனில்லை. அங்கே ஜனத்தொகையே வித்வானுக்குச் சோறு போட்டுவிடும். நடுத்தரமான ஊர்களே நமக்கு வேண்டியவை. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் பத்து லட்சத்தை எட்டாத நான்கு ஊர்களை எடுத்துக்கொள்வோம்: தார்வார், மைசூர், திருவனந்தபுரம், தஞ்சாவூர்.

* * *

துங்கபத்திரையைத் தாண்டி வடக்கே போனால் கர்நாடக சங்கீதம் மெள்ள மெள்ள விடைபெற்று, ஹிந்துஸ்தானி சங்கீதம் எதிர்கொண்டு அழைக்கும். அந்த எல்லைப்புறத்தில் இருக்கிறது தார்வார். அடுத்துள்ள ஹூப்ளியையும் சேர்த்தால்தான் ஒன்பது லட்சத்துச் சொச்சம் ஜனங்கள் தேறுவார்கள். பெரிய ராஜசபை எதுவும் இந்த ஊரில் இருந்ததில்லை. ஆயினும் மல்லிகார்ஜுன மன்ஸூர், கங்குபாய் ஹங்கல், பஸவராஜ ராஜகுரு ஆகியோர் இந்த வட்டாரத்திலேயே பிறந்து, பெரும் புகழ் பெற்ற பிறகும் இங்கேயே வாழ்ந்து மறைந்தார்கள். சிதார் வித்வான் ரஹிமத்கான் இங்கு வந்து குடியேறினார். அவருடைய வம்சத்தார் தலைமுறை தலைமுறையாகச் சிதார் வாசித்தார்கள்.

இது எப்படி நேர்ந்தது? முதல் காரணம் ஒரு பிரயாணம். கிரானா பரம்பரையின் ஆசாரியரான அப்துல் கரீம்கான் மைசூர் அரண்மனைக்குப் போகும் வழியில் இந்தப் பக்கம் தங்கிப் பாடம் சொன்னார். அவருடைய சிஷ்யர் ஸவாய் கந்தர்வர், பக்கத்திலுள்ள குந்த்கோல் கிராமத்தவர். அவரிடம் பாடம் கேட்பதற்காகக் கங்குபாய் ஹூப்ளியிலிருந்து ரயிலேறிக் குந்த்கோலுக்குப் போய்த் திரும்புவார். தமிழ்நாட்டு ரஸிகர்களுக்கும் கரீம்கானிடம் ஒரு துயரமான பாத்தியதை உண்டு. 1937-ல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் உடல்நலம் குன்றி, சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில்தான் அந்த மகான் உயிர் நீத்தார்.

இரண்டாவது காரணம் நாடகக் கம்பெனிகள். மல்லிகார்ஜுன மன்ஸூர் சிறு பிராயத்தில் கன்னட நாடக மேடையில் பாடிக்கொண்டிருந்தவர். அரண்மனை இல்லாத ஊரில் டிக்கெட் வாங்கும் ஜனங்களே அரசர்களானார்கள். மூன்றாவது காரணம் 1950-ல் தார்வாரில் ஏற்பட்ட வானொலி நிலையம். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற அதிசயத்தை அது சங்கீதக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தியது. ஊரை விட்டுப் போனவர்களும் இல்லாமல் இல்லை. பீம்ஸேன் ஜோஷி பூனாவைத் தம் ஊராக்கிக்கொண்டார். ஆனால் போனவர்களின் ஜாபிதாவும் இருந்தவர்களின் ஜாபிதாவும் ஏறக்குறைய சம எடையாக இருப்பது எத்தனை ஊர்களுக்கு வாய்க்கும்?

* * *

மைசூரின் கதை வேறு. அங்கே வாடகையை அரண்மனை கொடுத்தது. வீணை சேஷண்ணா, வாசுதேவாசாரியார் போன்றவர்கள் சமஸ்தான வித்வான்கள். கடைசி மகாராஜாவான ஜயசாமராஜேந்திர உடையார் தாமே கீர்த்தனைகள் இயற்றியவர். ராஜாவே சாஹித்யகர்த்தாவாகவும் இருந்துவிட்டால் வித்வான்களின் பாடு யோகந்தான். ராஜாவின் பாட்டைப் பாடிவிட்டுச் சம்மானம் கேட்கலாம் அல்லவா?

ஆனால் அரண்மனையை நம்பிய சங்கீதத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. அரண்மனை போனால் அதுவும் போகும். மைசூர் எவ்வாறு பிழைத்தது என்பதே கவனிக்க வேண்டிய விஷயம். ராஜாங்கம் உச்சத்தில் இருந்த காலத்திலேயே பிடாரம் கிருஷ்ணப்பா என்ற வித்வான் சீதாராமருக்கு ஒரு மந்திரம் கட்டி, அதைக் கச்சேரி மண்டபமாகவும் ஆக்கினார். ஏழு தந்தி பிடில் வாசித்துப் பிரசித்தி பெற்ற சௌடையா அவருடைய சிஷ்யரே. பிற்காலத்தில் விநாயக சதுர்த்தி வந்தால் தெருவிலே பந்தல் போட்டு, டிக்கெட் இல்லாமல் நாள்தோறும் கச்சேரி நடத்தும் வழக்கம் வலுத்தது. ஒண்டிக்கொப்பல் எட்டாம் குறுக்குத் தெருப் பந்தலில் பாடுவதை முன்னணி வித்வான்களும் ஒரு கௌரவமாகக் கருதுகிறார்கள். தர்பார் மண்டபத்தில் இருந்த சரஸ்வதி தெருவுக்கு இறங்கி வந்தாள், வந்ததனால் பிழைத்தாள்.

* * *

திருவனந்தபுரத்தில் வாடகை கொடுத்தது மரபு. ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1813-ல் பிறந்து 1846-ல் மறைந்தார். முப்பத்து மூன்று வயதுக்குள் அவர் செய்துவைத்த ஏற்பாடுகள் இன்றும் நடக்கின்றன. நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகள் கச்சேரி. எந்த நாளில் எந்த ராகத்தில் எந்தக் கீர்த்தனை பிரதானம் என்பது முன்பே நிர்ணயமாகிவிட்டது. கைதட்டல் கிடையாது. பாடுகிறவர் சபையோரைப் பார்த்துப் பாடுவதில்லை. தேவியைப் பார்த்துப் பாடுகிறார். நமது சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச் சாலையை நோக்கிப் புறப்படும் ரஸிகர்களை அங்கே ஒரு மாலை உட்காரவைத்தால் நல்ல மருந்தாக இருக்கும்.

1939-ல் அங்கே சங்கீதக் கலாசாலை தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாசய்யர். திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவரையும் சோழ நாட்டுக்காரர் ஒருவரையும் வரவழைத்துச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது அந்த ஊர். நூலுக்கும் சுவடிக்கும் செலவிடுவதோடு நிற்காமல் மனிதர்களுக்குச் செலவு செய்தது என்பதே இதன் தாத்பரியம்.

எனினும் மரபு என்பது கதவும் ஆகும், தாழ்ப்பாளும் ஆகும். சரஸ்வதி தேவியின் சந்நிதானமாகிய அந்த மண்டபத்தில் பெண் ஒருவர் அமர்ந்து கச்சேரி செய்ய 2006-ஆம் வருஷம் வரையில் இடம் கிடைக்கவில்லை. பாறசாலை பொன்னம்மாள் என்ற மூதாட்டி அந்தத் தாழ்ப்பாளைத் திறந்தார். கலைவாணியே வீணையோடு அந்தப் படிகளில் ஏறியிருந்தால், 2006-க்கு முன் அவளையும் வாசலில் நிறுத்தியிருப்பார்களோ என்று கேட்கத் தோன்றுகிறது.

* * *

இப்போது தஞ்சாவூருக்கு வருவோம். 2011 கணக்கில் இரண்டேகால் லட்சம் ஜனங்களைக் கூட எட்டாத இந்த ஊர், மேலே சொன்ன ஊர்களில் இரண்டுக்குத் தாய்வீடு. தஞ்சை நால்வர் என்று புகழ் பெற்ற சகோதரர்களில் சின்னையா மைசூர் சமஸ்தானத்துக்குப் போனார். வடிவேலு திருவனந்தபுரத்துக்குப் போனார். அங்கே ஸ்வாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்தார். தாய் தன் குழந்தைகளுக்கு ஊட்டிவிட்டாள். ஆனால் தனக்கென்று என்ன வைத்துக்கொண்டாள்?

1855-ல் ஆண் வாரிசு இல்லை என்று சொல்லி ஆங்கிலக் கம்பெனியார் தஞ்சை ராஜ்யத்தை விழுங்கினார்கள். ராஜாவின் இடத்தில் காவிரிக் கரை மிராசுதாரர்கள் சில காலம் வித்வான்களை ஆதரித்தார்கள். அதற்குள் சென்னை வளர்ந்தது. 1927-ல் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, அடுத்த வருஷம் சங்கீத வித்வத் சபை தோன்றியது. தேசிய இயக்கம் கலைக்குச் செய்த பெருந்தொண்டு அது; சந்தேகமில்லை. ஆனால் அந்த விளக்கு ஏற ஏற, காவிரிக் கரையிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டிச் சென்னைக்கு ரயிலேறியது.

தஞ்சையில் இன்று ஒன்றும் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பக்கத்துத் திருவையாற்றில் தை மாதத்துத் தியாகராஜ ஆராதனைக்குப் பெருங்கூட்டம் சேருகிறது. அதே ஊரில் அரசாங்கத்தின் இசைக் கல்லூரியும் இருக்கிறது. பலா மரத்தைக் குடைந்து வீணை செய்யும் ஆசாரிகள் தஞ்சையில் இருக்கிறார்கள். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். இந்த இரண்டு வாத்தியங்களுக்கும் புவிசார் குறியீடு என்னும் சர்க்கார் முத்திரையும் கிடைத்திருக்கிறது. சரஸ்வதி மகாலில் சுவடிகள் இருக்கின்றன. வாத்தியம் இருக்கிறது, ஏடு இருக்கிறது, உற்சவம் இருக்கிறது. ஆராதனை முடிந்த மறுநாள் ஊரிலேயே தங்கியிருக்கும் பெரிய வித்வான்களை எண்ணுவதற்கு மட்டும் கை விரல்களே அதிகம்.

* * *

நான்கு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்குகிறது. தார்வாரில் வாடகை கொடுத்தவர்கள் நாடகம் பார்த்த ஜனங்களும் வானொலியும். மைசூரில் முதலில் அரசர், பிறகு தெருவார். திருவனந்தபுரத்தில் கோவிலும் கலாசாலையும். தஞ்சையில் அரசர் போனபின் அந்த இடம் உறுதியாக நிரம்பவில்லை. ஆகவே குறை மண்ணிலும் இல்லை, காவிரித் தண்ணீரிலும் இல்லை. கொடுத்த கை நின்றபோது வேறொரு கை நீளாததே குறை. இதே நிலைமை மதுரைக்கும் திருச்சிக்கும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அந்தந்த ஊராரின் கடமை.

இதற்கு மந்திரிகளிடம் மகஜர் கொண்டுபோக வேண்டியதில்லை. உள்ளூரில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவரிடம் குழந்தையை அனுப்பி, மாதச் சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுக்கலாம். கல்யாணத்துக்கு உள்ளூர் நாகஸ்வரக்காரரை அழைக்கலாம். அவர் வாசிக்கும்போது ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போடாமல் இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு பெரிய கச்சேரிக்குச் செலவாகும் பணத்தில் பன்னிரண்டு சிறிய கச்சேரிகளை உள்ளூர்க்காரர்களைக் கொண்டு நடத்தலாம். இக்காலத்தில் அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் கணினித் திரை வழியாகப் பாடம் கேட்கிறார்கள். ஆகையால் ஆசிரியர் சென்னையில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்துவிட்டது. கடல் கடந்த மாணாக்கர்களின் சம்பளத்தைக் கொண்டு காவிரிக் கரையில் குடித்தனம் நடத்தலாம். இத்தகைய வசதி நால்வர் காலத்தில் இருந்திருந்தால் வடிவேலு தஞ்சையை விட்டுப் போயிருப்பாரா என்பது சந்தேகமே.

ஒரு காலத்தில் கதர் உடுத்தாமலே கதரின் மகிமையைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கம் செய்தவர்கள் இருந்தார்கள். நெசவாளியின் அடுப்பு அந்தப் பிரசங்கங்களால் எரியவில்லை. ஒரு முழம் வாங்கினவர்களால் எரிந்தது. நம் ஊர்ச் சங்கீதத்தின் பெருமையைப் பேசுவோர் அதற்கும் ஒரு முழம் வாங்கட்டும்.