பாட்டியின் இடுப்பை உடைத்தது பாத்ரூம் டைல்ஸா? சத்தமில்லாமல் கரையும் எலும்பு

சென்னை:

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க, இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சு". வயதான அம்மாவை, பாட்டியை ஆஸ்பத்திரிக்கு தூக்கி வருபவர்கள் வழக்கமாக சொல்வது இதுதான். சிலர் அதற்கும் முன்னால் புத்தூர் கட்டு போட கிளம்பி, நாளை வீணாக்குகிறார்கள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் டைல்ஸ் மாறுகிறது. எலும்பு ஏன் இவ்வளவு லேசில் முறிந்தது என்று கேட்க ஆளில்லை.

நின்ற நிலையில் இருந்து விழுந்ததற்கே 50 வயது தாண்டியவருக்கு இடுப்பு முறிகிறது என்றால், பெரும்பாலும் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புப்புரைதான் காரணம். எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிவிடும். முறிகிற வரை வலி இருக்காது. முதுகெலும்பு நசுங்கினால்கூட பலருக்கு தெரிவதில்லை. "வயசாச்சு, கூன் விழுது" என்று விட்டுவிடுகிறார்கள்.

உலக அளவில் 50 வயதை கடந்த பெண்களில் 3 பேரில் ஒருவருக்கும், ஆண்களில் 5 பேரில் ஒருவருக்கும் இந்த வகை முறிவு வரும் என்பது சர்வதேச ஆஸ்டியோபோரோசிஸ் பவுண்டேஷன் கணக்கு. 'பொம்பளைங்க வியாதி' என்று ஆண்கள் ஒதுங்க முடியாது.

மாதவிடாய் நின்றதும் பெண்களுக்கு எலும்பு வேகமாக கரையும். 45 வயதுக்குள் நின்றவர்கள், கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு ஆபத்து இன்னும் சீக்கிரம். ரொம்ப ஒல்லியானவர்கள், அப்பா அம்மாவுக்கு இடுப்பு முறிந்த குடும்பம், சிகரெட், குடி, முடக்குவாதம் எல்லாம் இதில் சேரும்.

பலரும் கவனிக்காதது ஸ்டீராய்டு. வீசிங், மூட்டுவலிக்கு டாக்டர் எப்போதோ எழுதிய பழைய சீட்டை காட்டி, மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்கி விழுங்குகிறார்கள். 3 மாதம் தொடர்ந்தாலே எலும்புக்கு கேடு. அதற்காக திடீரென நிறுத்துவதும் ஆபத்து, டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பெரியவர்களுக்கு தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2020ம் ஆண்டு பரிந்துரை. 100 மில்லி பாலில் இருப்பது சுமார் 120. காபியில் கலக்கும் பால் எந்த மூலைக்கு? 100 கிராம் கேழ்வரகில் 350 வரை கிடைக்கும். அதைத்தான் 'சுகர்காரங்க சாப்பாடு' என்று ஓரங்கட்டிவிட்டோம். வெயில் கொளுத்துகிற ஊரிலும் வைட்டமின் டி குறைவு சகஜம், பகல் முழுக்க கூரைக்கு அடியிலேயே போனால் வேறென்ன ஆகும்?

இடுப்பு முறிந்தவர்களில் சுமார் 5ல் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களுக்கு மறுபடி முறியும் வாய்ப்பு அதிகம். ஆனால் இதற்கு மாத்திரை இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. டெக்ஸா ஸ்கேனில் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே வந்தால் நோய் உறுதி. டிஸ்சார்ஜ் அன்று பிசியோதெரபி சீட்டு வாங்கும்போதே, "எலும்பு பலத்துக்கு டெஸ்ட் எடுக்கணுமா டாக்டர்?" என்று வீட்டார் கேட்டுவிடலாம்.