எமக்காக விழித்திருப்போரின் வயிறு

உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவியரிடம் எதிர்கால இலட்சியம் யாதெனக் கேட்டால், பலரும் கூறும் பதில் "வைத்தியர்" என்பதே. பெற்றோரின் கனவும் அதுவே. எனக்கும் அக்கனவு உண்டு. ஆனால், இரவு முழுவதும் வாட்டில் நிற்கும் வைத்தியரும் தாதியும் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று நாம் ஒருபோதும் கேட்பதில்லை. அது அவர்களின் சொந்த விடயமல்ல, எம் அனைவரினதும் விடயம் என்பதே எனது கருத்து.

எமது உடலில் வாழும் பக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என 2016 இல் விஞ்ஞானிகள் கணித்தனர். எமது சொந்தக் கலங்களோ சுமார் 30 இலட்சம் கோடிதான். பக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருங்குடலிலேயே உள்ளன. எம்மால் சமிபாடடையச் செய்ய முடியாத நார்ப்பொருளை அவை நொதிக்கச் செய்து, குடற்சுவரின் கலங்களுக்குச் சக்தி தரும் அமிலங்களை உருவாக்குகின்றன.

வேலைப்பளு இந்தக் குடியிருப்பைக் கலைக்கிறது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கோட்டிசோல் போன்ற ஓமோன்கள் குடலின் அசைவையும் சுரப்புகளையும் மாற்றுகின்றன. வாழிடம் மாறினால் அங்கு வாழ்வனவும் மாறும். இத்தொடர்பு ஒருவழிப் பாதையுமல்ல. 2004 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நுண்ணங்கிகளே இல்லாத சூழலில் எலிகளை வளர்த்தனர். அழுத்தத்துக்கு உள்ளானபோது, சாதாரண எலிகளைவிட அவற்றில் அழுத்த ஓமோன்கள் அதிகமாகச் சுரந்தன. அதாவது, மனம் குடலைப் பாதிப்பது போலவே குடலும் மனதைத் தாங்கும் சக்தியைப் பாதிக்கக்கூடும்.

இதனுடன் இரவுக் கடமையும் சேர்கிறது. குடல் பக்டீரியாக்களுக்கும் இரவு பகல் ஒழுங்கு உண்டு என்பதும், உறக்க, உணவு நேரங்கள் குழம்பினால் அவ்வொழுங்கும் குழம்பும் என்பதும் 2014 இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் 399 தாதியரிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், பகலில் மட்டும் கடமை புரிந்தோரில் 31 சதவீதமானோருக்கும், இரவு பகலென மாறி மாறிக் கடமை புரிந்தோரில் 48 சதவீதமானோருக்கும் குடல் எரிச்சல் நோய்க்கான அறிகுறிகள் காணப்பட்டன.

"தயிரும் இலைக்கஞ்சியும் சாப்பிட்டால் சரியாகிவிடும்" எனச் சிலர் கூறலாம். அவை நல்ல உணவுகள்தாம். ஆனால் உட்கார்ந்து உண்ணப் பத்து நிமிடங்கள் கிடைக்காதவருக்கு உணவுப் பட்டியல் எதற்கு? "நாம் மாதம் முழுவதும் நோன்பு நோற்கிறோமே" என்றும் கேட்கலாம். நோன்பின் பசிக்கு ஸஹர் என்றொரு தொடக்கமும் இப்தார் என்றொரு முடிவும் உண்டு. வாட்டில் நிற்பவரின் பசிக்கு எப்போது முடிவு என்பது அவருக்கே தெரியாது.

வணக்கத்தில்கூட அளவு மீறுவதை எமது மார்க்கம் விரும்பவில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களுக்கு, உடலுக்கும் கண்களுக்கும் அவர்மீது உரிமை உண்டென்பதை நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்துக்கே இந்த எல்லை என்றால், கடமை நேரத்துக்கு எல்லை வேண்டாமா?

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்களும் தாதியரும் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். எஞ்சியிருப்போரின் தோள்களில் சுமை கூடியுள்ளது. ஆகவே கடமைப் பட்டியல் தயாரிப்போர், உணவு வேளையையும் இரவுக் கடமைக்குப் பின்னரான ஓய்வையும் சலுகையாகவன்றி உரிமையாக எழுத வேண்டும். நாமும் மாற வேண்டும். வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் நிற்கும்போது வைத்தியர் சாப்பிட எழுந்தால் முணுமுணுக்காதிருப்போம். பெற்றோரே, உங்கள் மகள் வைத்தியராக வேண்டுமென துஆச் செய்யும்போது, அவள் நேரத்துக்கு உண்ணக்கூடிய ஒரு வைத்தியசாலைக்காகவும் குரல் கொடுங்கள்.