"இன்னும் ஓடுதுல்ல?"

எங்க ஊர்ல பழைய சாமானைத் தூக்கிப் போட்டா பாவம்னு நினைப்போம். மண்வெட்டிக் காம்பு உடைஞ்சா புதுக் காம்பு, மோட்டார் எரிஞ்சா காயில் கட்டு. நானும் அந்த ஆள்தான். ஆனால் மரம் அறுக்கும் மெஷினில் மட்டும் இந்தச் சிக்கனம் ஆகாது என்பது என் கட்சி.

2018 நவம்பரில் கஜா புயல் எங்க பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது வாங்கிய மெஷின் என்னுடையது. மண்ணில் கிடக்கும் தென்னையை அறுத்தால் செயின் சீக்கிரம் மழுங்கும். விழுகிற தூளைப் பார்த்தாலே தெரியும். சீவல் சீவலாக வந்தால் பல் கூர்மை. மாவாகக் கொட்டினால் மழுங்கல். அரம் போட்டால் கூர் திரும்பும். அதுக்கும் எல்லை உண்டு. பல்லின் மேல்தட்டு 4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் செயினை மாற்றத்தான் வேணும். பல செயின்களில் பல்லிலேயே அதுக்குக் கோடு போட்டிருக்கும்.

செயினை மட்டும் மாற்றினாலும் போதாது. அதை இழுக்கும் பல்சக்கரத்தில் அரை மி.மீ. பள்ளம் விழுந்திருந்தால் புதுச் செயினையும் அது தின்றுவிடும். 2 செயினுக்கு ஒரு சக்கரம்னு கணக்கு வச்சுக்கலாம்.

இதெல்லாம் தெரிஞ்சும் நான் தப்பு பண்ணினேன். போன வருஷம் தோப்பில் அறுத்த தம்பி, "அண்ணே, செயின் போச்சுண்ணே" என்றான். "இன்னும் ஓடுதுல்ல, இந்த ஒரு மரத்தை முடிச்சிடு" என்றேன். மழுங்கிய செயினை அழுத்தி அழுத்தி அறுத்தான். அறுந்தது. அறுந்த செயினைத் தடுக்க மெஷினுக்கு அடியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அது உடைஞ்சு பல நாளாச்சு, நான் மாத்தல. அவன் வலது கையில் ஆறு தையல். ஆஸ்பத்திரிச் செலவும் ஒரு மாசக் கூலியும் கொடுத்தேன். அவன் அம்மா முகத்தைப் பார்க்கத்தான் முடியல.

தேய்மானம் தெரிவது மெஷினைப் பிடிக்கிறவனுக்கு. காசு போவது சொந்தக்காரனுக்கு. கோளாறே இங்கேதான். அதனால இப்போ எங்க தோப்பில், எப்போ மாத்தணும்னு முடிவு பண்றது மெஷினைப் பிடிக்கிற ஆள்தான். அவன் சொன்னா அன்னிக்கே மாத்திடுவேன்.

பட்டணத்தில் இருக்கிற நீங்களும் வாசல் மரத்தை வெட்ட ஆள் கூப்பிடுவீங்க. தூள் மாவாகக் கொட்டினால், "நிறுத்தி அரம் போட்டுக்கோங்க, அவசரமில்லை"ன்னு சொல்லுங்க. அந்த அரை மணி நேரக் கூலியைக் கணக்குப் பார்க்காம கொடுத்துடுங்க.